சொல் பெரிதா? நாடு பெரிதா?

1944-ம் ஆண்டு. ஜெர்மனியோடு சேர்ந்து ரஷியாவை எதிர்த்த பின்லாந்து, சிக்கித் தவித்தது. சின்னஞ்சிறு நாடு! மக்கள் தொகை 40 லட்சம்கூட இல்லை.

ஜூன் மாதம் ரஷியப் படை பாய்ந்து வந்தது. பின்லாந்து ஆயுதம் கேட்டது. தனியாகச் சமாதானம் பேசக் கூடாது என்று ஜெர்மனி நிபந்தனை போட்டது. ஜனாதிபதி ரூட்டி, தன் பெயரில் வாக்குக் கொடுத்தார். ஆயுதம் வந்தது. எதிரி தடுத்து நிறுத்தப்பட்டான்.

ஆகஸ்டு மாதம் ரூட்டி பதவி விலகினார். அவர் கொடுத்த வாக்கு நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று புதிய ஜனாதிபதி மானர்ஹைம் கூறிவிட்டார். செப்டம்பர் 19-ந் தேதி மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இது துரோகம் அல்லவா என்று கேட்கலாம். வாக்குத் தவறியது உண்மைதான். ஆனால் தோற்கப் போகிறவனுக்காக ஒரு நாடே சாக வேண்டுமா?

சமாதானம் சும்மா கிடைக்கவில்லை. கரேலியா பறிபோயிற்று. 4 லட்சம் பேர் வீடு வாசலை இழந்தார்கள். 30 கோடி டாலர் பெறுமான பொருள்களை நஷ்டஈடாகக் கொடுக்க நேர்ந்தது. நேற்றைய கூட்டாளியான ஜெர்மன் படையையே விரட்ட வேண்டியதாயிற்று. போருக்குப் பொறுப்பாளி என்று 1946-ல் ரூட்டிக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை!

ஆனால் நாடு பிழைத்தது. தலைநகர் ஹெல்சிங்கி எதிரியின் கைக்குப் போகவில்லை.

வீம்புக்காக ஊரை அழிய விடுவது வீரம் அல்ல. பழியைத் தான் சுமந்து, மக்களைக் காப்பதே வீரம்!