எரிகோவின் மதில் யார் தலையில் விழுந்தது?

எரிகோவின் மதில் விழுந்த கதை தெரியாத கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஞாயிறு பள்ளியில் கற்றது அது. இன்று அது ஒரு ஜெபமுறையாகவே ஆகிவிட்டது. ஏழு நாள் 'எரிகோ ஜெபம்' நடத்துகிறார்கள். கடன் ஒரு மதில், வராத விசா ஒரு மதில், தள்ளிப்போகும் கலியாணம் ஒரு மதில். சுற்றி வந்து ஆர்ப்பரித்தால் எல்லாம் விழும் என்கிறார்கள்.

விழட்டும். யாருடைய கடனும் தீர்வதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே நிற்கும் மதிலை மட்டும் இந்தப் பட்டியலில் ஏன் ஒருவரும் சேர்ப்பதில்லை? கல்லறைக்குள் பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே கட்டிய சுவரை எந்த எக்காளம் சுற்றி வந்தது?

மதில் இடிந்ததைப் பற்றி வேதம் சொல்வது போதகர்கள் சொல்வதைவிட அதிகம், கடுமையானதும்கூட. எனவே கதையை முழுசாகப் படிப்போம்.

யோசுவா ஆறாம் அதிகாரம். ஆறு நாள் நாளைக்கு ஒரு முறை, ஏழாம் நாள் ஏழு முறை சுற்றி வருகிறார்கள். ஏழு ஆசாரியர்கள் கொம்பு ஊதுகிறார்கள். மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். மதில் விழுகிறது. பிரசங்கம் இங்கே முடிந்துவிடும். அதிகாரம் இங்கே முடியவில்லை. ஆண், பெண், கிழவர், குழந்தை, ஆடு, மாடு, கழுதை வரை வெட்டிக் கொன்றார்கள். ஊரைக் கொளுத்தினார்கள். வெள்ளியும் பொன்னும் வெண்கலமும் இரும்பும் மட்டும் தப்பி, கருவூலத்துக்குப் போயின.

"அது நடந்த வரலாறு, கேள்வி கேட்காதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள தெல் எஸ்-சுல்தான் மேடுதான் பழைய எரிகோ. 1930-களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், யோசுவா காலத்து மதிலையே கண்டுவிட்டதாக அறிவித்தார். 1952 முதல் 1958 வரை தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த மதில் அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முந்தியது என்று காட்டினார். யோசுவாவின் காலம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. யோசுவா நூல் இன்றைய வடிவம் பெற்றது பல நூற்றாண்டுகள் பிந்தித்தான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. எருசலேமின் மதிலையே பாபிலோனியர் இடித்துக் கொளுத்திய காலத்தை ஒட்டி அந்த நூல் தொகுக்கப்பட்டது. தன் மதிலை இழந்த ஒரு மக்கள் கூட்டம், ஒரு காலத்தில் அடுத்தவன் மதில் நம் முன்னே விழுந்தது என்று சொல்லிக்கொண்ட கதை இது. அப்படிப் படித்தால் கதை சிறுத்துப் போகாது. தோற்றவனின் ஏக்கமும் வென்றவனின் வெறியும் ஒரே பக்கத்தில் தெரியும்.

இனி அந்தப் பக்கத்தில் போதகர்கள் தாண்டிப் போகும் மூன்று இடங்கள்.

முதலாவது, ராகாபின் வீடு. அவள் விலைமகள். அவள் வீடு இருந்தது ஊரின் நடுவிலா? இல்லை, மதிலின்மேல். ஜன்னல் வழியே கயிறு விட்டால் ஊருக்கு வெளியே இறங்கலாம். அரசனின் மாளிகை மதிலை ஒட்டி இருக்காது. எதிரி முதலில் இடிக்கும் இடத்தில்தான் ஊர் தனக்கு வேண்டாதவர்களைக் குடிவைக்கும். மதில் விழும்போது முதலில் நசுங்க வேண்டியவர்கள் அவர்கள். ராகாப் தன் புத்தியால் தப்பினாள். தப்பியவளையும் அவள் குடும்பத்தையும் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பாளயத்துக்குப் புறம்பே. உதவி செய்தவள், உயிர் காத்தவள். ஆனாலும் முதல் இடம் வெளியேதான். பிறகு அவள் இஸ்ரவேலின் நடுவில் வாழ்ந்தாள் என்றும் வேதம் சொல்கிறது. ஆனால் அந்தப் 'புறம்பே' என்ற ஒரு சொல்லை வாசிக்கும்போது சேரியில் பிறந்தவனுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைக்கும். அக்கிரகாரத்தில் பிறந்தவனுக்கும் ஊர்த்தெருவில் பிறந்தவனுக்கும் அது வெறும் இடக்குறிப்பு.

2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் நடூர். மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் அதிகாலையில் சரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வசதியான வீடு. இந்தப் பக்கம் அருந்ததியர் குடியிருப்பு. தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். மதில் விழுந்தாலே விடுதலை என்று பாடுகிறவர்கள் அந்த 17 பேரை நினைத்துக்கொண்டு பாடட்டும். மதில் நிற்கும்போதும் நம்மை அழுத்தியது, விழும்போதும் நம்மேல்தான் விழுந்தது. ராகாபுக்காவது ஒரு சிவப்பு நூல் இருந்தது.

இரண்டாவது, கிபியோனியர். எரிகோ விழுந்த செய்தி கேட்டுப் பயந்துபோன இந்த மக்கள், தூர தேசத்தார்போல வேடமிட்டு வந்து யோசுவாவிடம் உடன்படிக்கை வாங்கினார்கள். மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது. சத்தியம் செய்தாயிற்று, கொல்ல முடியாது. அதனால் என்ன செய்தார்கள்? விறகு வெட்டு, தண்ணீர் சுமந்து வா, அதுதான் உன் வேலை என்றார்கள். அந்தத் தலைமுறையோடு முடியாத சாபம் அது. கோயிலுக்கு அவன் வெட்டிய விறகு வேண்டும், அவன் சுமந்த தண்ணீர் வேண்டும். அவன் மட்டும் சமமானவன் இல்லை.

இதற்குப் பெயர் தெரியாதவர் நம்மில் யார்? கல்மதில் விழுந்த மூன்று அதிகாரங்களுக்குள் பிறப்பால் ஒரு மதில் எழும்பிவிட்டது. அதைக் கட்ட செங்கல் தேவைப்படவில்லை. வேலையைப் பிறப்போடு கட்டிவிட்டால் போதும்.

1989-இல் ராபர்ட் ஆலன் வாரியர் என்ற அமெரிக்கப் பூர்வகுடி அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். விடுதலை இறையியல் யாத்திராகமத்தைக் கொண்டாடுகிறது, ஆனால் கானானியரின் கண்ணால் இந்தக் கதையை யார் படிப்பது என்று கேட்டார். நம் இறையியலாளர்களும் அதைத் தங்களைப் பார்த்துக் கேட்க வேண்டும். எகிப்தில் அடிமையாக இருந்தவன் நாமே என்று பாடுவது எளிது. எரிகோவுக்குள் இருந்தவனும் நாமே, கிபியோனில் விறகு வெட்டியவனும் நாமே.

மூன்றாவது, சாபம். எரிகோவைத் திரும்பக் கட்டுகிறவன் அஸ்திவாரம் போடும்போது தன் மூத்த மகனையும், வாசல் வைக்கும்போது இளைய மகனையும் இழப்பான் என்றான் யோசுவா. ஆகாபின் காலத்தில் பெத்தேல் ஊரான் ஈயேல் அதைக் கட்டினான். மூத்தவன் அபிராம் அஸ்திவாரத்தோடு போனான். இளையவன் செகூப் வாசலோடு போனான்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தோன்றும். தள்ளாதீர்கள். நம் ஊரில் இது கண்முன்னே நடக்கிறது. 2003-இல் விருத்தாசலம் அருகே கண்ணகியும் முருகேசனும் வாயிலும் காதிலும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். காதலித்து மணந்ததுதான் குற்றம். தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் தந்தையும் அண்ணனும் உண்டு. தீர்ப்பு வர 2021 ஆயிற்று. சாதி மதிலைத் தூக்கி நிறுத்துகிறவன் அடுத்தவன் பிள்ளையை மட்டும் பலி கொடுப்பதில்லை, தன் பிள்ளையையும் அஸ்திவாரத்தில் புதைக்கிறான். ஆணவக்கொலை நடந்த ஒவ்வொரு வீடும் ஈயேலின் வீடு. இதை எந்தப் பிரசங்க மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா?

"மதிலைக் கட்டச் சொல்லியும் வேதம் இருக்கிறதே" என்பார்கள். ஆம், நெகேமியா. பாபிலோனியர் இடித்த எருசலேம் மதிலை 52 நாளில் கட்டி முடித்தார். தோற்றுச் சிறைப்பட்டுத் திரும்பிய மக்கள் பாதுகாப்புக்காகக் கட்டியது அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த நூலின் ஐந்தாம் அதிகாரத்தையும் படியுங்கள். மதில் எழும்பிக்கொண்டிருக்கும்போதே ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள்: நிலத்தை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக விற்கிறோம், வாங்குகிறவர்கள் எங்கள் சொந்தச் சகோதரர்கள் என்று. வெளியிலிருந்து வரும் எதிரியைத் தடுத்த மதில், உள்ளே இருந்த வட்டிக்காரனைத் தடுக்கவில்லை. நெகேமியா அவர்களைக் கடிந்து நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அது அவருக்குப் பெருமை.

அதே நெகேமியா கடைசி அதிகாரத்தில் என்ன செய்கிறார்? அந்நியப் பெண்களை மணந்தவர்களைச் சபிக்கிறார், சிலரை அடிக்கிறார், மயிரைப் பிடுங்குகிறார், இனி பெண் கொடுக்கவும் எடுக்கவும் கூடாது என்று சத்தியம் வாங்குகிறார். கல்மதில் முடிந்ததும் கல்யாண மதில். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சொன்னார். நெகேமியாவின் பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சாதிக் கிறிஸ்தவனிடம் கொடுத்தால், சொந்த ஜாதிச் சங்கத் தீர்மானத்தைப் படிப்பதுபோல் படிப்பான்.

ஆனால் வேதத்தின் கடைசி வார்த்தை அதுவல்ல. மோவாபியப் பெண்ணான ரூத்தைத் தாவீதின் பாட்டியின் வரிசையில் வைத்ததும் அதே வேதம். அந்நியனுக்கும் அண்ணகனுக்கும் தன் மதில்களுக்குள் இடமும் பெயரும் உண்டு என்றது ஏசாயா நூல். எருசலேம் மதில் இல்லாத ஊராகக் குடியேற்றப்படும் என்றது சகரியா. வேதத்துக்குள்ளேயே மதில் கட்டுகிற குரலும் இடிக்கிற குரலும் சண்டையிடுகின்றன. எந்தக் குரலோடு நிற்கிறாய் என்பதுதான் கேள்வி.

இயேசுவின் காலத்து எருசலேம் ஆலயத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதைத் தாண்டும் வேற்றினத்தான் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டு 1871-இல் கிடைத்தது, இன்றும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதனையும் புறவினத்தானையும் பிரித்த நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியர் நிருபம் சொல்லும்போது, அந்தக் காலத்து வாசகனுக்கு இந்தச் சுவர் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. கிறிஸ்தவம் என்பதே ஒரு சுவரை இடித்ததாகச் சொல்லிக்கொண்டு பிறந்த மதம்.

அந்த மதம் தமிழ்நாட்டுக்கு வந்து என்ன செய்தது? வடக்கன்குளத்தில் 1872-இல், இரண்டு சாதிகள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு காலாகப் பிரித்துக் கோயில் கட்டிக் கொடுத்தது. 1910-இல் நடுச்சுவரை இடித்தபோது, சுவர் எங்கள் உரிமை என்று விசுவாசிகள் நீதிமன்றம் போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் பிணத்தைத் தனியே வைக்கச் சுவர் கட்டினார்கள். உயிர்த்தெழுதலிலும் வரிசை மாறக்கூடாது போலும்.

இந்துக்கள் மட்டும் சளைத்தவர்களா? உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பிறகு எழுப்பிய சுவரைப் பாதுகாப்புக்கு என்றார்கள். 2008 மே 6-இல் அரசு அதில் ஒரு பகுதியை இடித்தபோது, தலித்துகள் நடக்கும் வழியைப் பார்க்கப் பிடிக்காமல் ரேஷன் அட்டையை ஒப்படைத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊரைவிடச் சுவர் பெரிது அவர்களுக்கு.

சிலர் சாமர்த்தியமாக அம்பேத்கரையே மேற்கோள் காட்டுவார்கள். சாதி செங்கல் சுவரல்ல, மனநிலை என்று அவரே 1936-இல் சொன்னாரே. சுவரை இடித்து என்ன பயன், மனம் மாறட்டும் என்பார்கள். அவர் அதைச் சொன்னது சுவரை விட்டுவைக்க அல்ல. அதோடு நிற்காமல், அந்த மனநிலைக்குப் புனிதம் தருகிற சாஸ்திரங்களின் அதிகாரத்தையும் தகர்க்க வேண்டும் என்று சொல்லத்தான். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே மகாடில் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்துக் காட்டியவர் அவர். மனம் மாறும்வரை தாகத்தோடு காத்திருக்கச் சொல்லவில்லை.

ஆயர்களே, போதகர்களே, எரிகோவைப் பிரசங்கிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முழுசாகப் பிரசங்கியுங்கள். மதில்மேல் குடியிருந்தவளைச் சொல்லுங்கள். அவள் பாளயத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்டதைச் சொல்லுங்கள். கிபியோனியன் சுமந்த தண்ணீரைச் சொல்லுங்கள். ஈயேல் புதைத்த பிள்ளைகளைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், உங்கள் பங்கின் கல்லறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஏழு முறை சுற்ற வேண்டியதில்லை. ஒரு கடப்பாரை போதும்.