கீ போர்டு எதுவானாலும் சரி, எழுத்து யூனிகோடாக இருக்கட்டும்

தமிழில் டைப் செய்ய எந்த கீ போர்டு சிறந்தது? இந்தக் கேள்விக்கு முடிவே இல்லை. டைப்ரைட்டர் முறையில் பழகியவர் அதை விடமாட்டார். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைக் கொண்டு வருபவருக்கு அஞ்சல் முறைதான் உயிர். என் ஓட்டு தமிழ்99 முறைக்கே. 31 கீகளில் 247 எழுத்துகளும் கிடைக்கின்றன. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை புரோகிராமே வைத்துக் கொள்ளும்.

ஆனால் இந்த வாதத்தில் முக்கியமான ஒன்றைக் கோட்டை விடுகிறோம். விரல் எந்தக் கீயைத் தட்டுகிறது என்பது வேறு. பைலில் எந்த எழுத்து பதிவாகிறது என்பது வேறு.

பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரியும். பைலில் பதிவாவதோ எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் இவைதான் தெரியும். வாக்கியத்தின் முதல் எழுத்தாயிற்றே என்று வேர்ட் தொகுப்பு சிறிய எம்மைப் பெரிய எம்மாக மாற்றினால், அம்மா 'ஆம்மா' ஆகிவிடுவார்!

1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 கீ போர்டையும் டாம், டாப் குறியீடுகளையும் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010ல் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் ஏற்றது. ஆனால் அதற்குள் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வேறு வேறு எழுத்துருக்களில் பைல்கள் குவிந்துவிட்டன.

எங்கள் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை பற்றி அது சொல்வதை, அந்த எழுத்து தெரிந்தவர்கள் இன்றும் படிக்கிறார்கள். 2003ல் எங்கள் தெரு விழாவுக்கு ஒரு டி.டி.பி. கடையில் அடித்த நன்கொடையாளர் பட்டியலோ இன்று என் திரையில் வெறும் கிறுக்கல். அந்தக் கடையும் இல்லை. பட்டியலில் இருந்த பெரியவர்கள் பலரும் இல்லை.

பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்காததால் டி.டி.பி. கடைகள் பழைய எழுத்துருக்களை நம்பியது அன்று நியாயம்தான். இன்று வேர்ட், லிப்ரே ஆபீஸ் இரண்டுமே யூனிகோடு தமிழை ஏற்கின்றன. டைப்ரைட்டர் முறையை விட வேண்டியதும் இல்லை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற புரோகிராம்களில் அதே விரல் பழக்கத்துடன் யூனிகோடில் அடிக்கலாம்.

உங்களிடம் பழைய பைல்கள் இருந்தால், எழுத்துருவின் பெயர் தெரிந்தவர் அருகில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பெயரைக் குறித்துக் கொண்டு, மூல பைலை அப்படியே வைத்து, நகலை மட்டும் எழுத்து மாற்றி புரோகிராமில் கொடுங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாக மாறிவிடக்கூடும்; வரிவரியாகச் சரி பாருங்கள்.

இனி அழைப்பிதழோ மலரோ அச்சுக்குக் கொடுத்தால், அச்சடித்த தாளோடு யூனிகோடு பைலையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பவர் நீங்கள். எழுத்தும் உங்களுடையதாக இருக்க வேண்டாமா?