குலுக்கலில் வேட்டை அனுமதி: பங்கிடுவதில் ஒரு பாடம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரிய விலங்குகளை வேட்டையாட விரும்புகிறவர் நினைத்த நேரத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. நல்ல வேட்டைப் பகுதிகளுக்கு முன்கூட்டியே மனுப் போட வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் அனுமதிச் சீட்டு. சுட்ட விலங்கின் உடலில் அந்தச் சீட்டைக் கட்ட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு விலங்குதான்.

உழவர் பகுதியில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். வேட்டைக்கு வழி சொல்வது என் நோக்கமல்ல. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த திருத்தங்களும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடம் தரவில்லை; அது அப்படியே இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது பங்கிடும் முறையை. இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர் என்ற நிலை வாய்க்கால் தண்ணீர் முதல் மானிய விசைக்கலப்பை வரை நமக்கும் உண்டு. அதில் சிறு விவசாயி எங்கே நிற்கிறார் என்பதே கேள்வி.

எண்ணிய பிறகே பங்கு

அந்த நாட்டில் காட்டு விலங்கு நிலத்துக்காரரின் சொத்து அல்ல. மாநில மக்கள் அனைவருக்கும் பொது. நம் கடமானைவிடப் பெரிய 'எல்க்' என்னும் மான், கண்மூடித்தனமான வேட்டையால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1 லட்சத்துக்கும் கீழே குறைந்துபோனது. இன்று வட அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் எல்க் மான்கள் உள்ளன. கட்டுப்பாடும் கணக்கெடுப்பும் இந்த மீட்சிக்குப் பெரிதும் உதவின. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரியும் வனவிலங்குப் பணிக்கே செல்கிறது.

மாநிலத்தைப் பல வேட்டை வட்டங்களாகப் பிரித்துள்ளனர். பனிக்காலத்தில் விமானத்தில் பறந்து, ஆண் எத்தனை, பெண் எத்தனை, கன்று எத்தனை என்று கணக்கெடுக்கிறார்கள். அதை வைத்து, இந்த வட்டத்தில் இந்த ஆண்டு இத்தனை சீட்டு என்று முன்னதாகவே அறிவிக்கிறார்கள். குலுக்கல் முடிந்ததும் எத்தனை மனு வந்தது, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதையும் வெளியிடுகிறார்கள். களஞ்சியத்தில் எத்தனை மூட்டை என்று தெரியாமல் பங்கு போட்டால் சண்டைதான் மிஞ்சும். எனவே முதல் பாடம் எண்ணிக்கை. குலுக்கல் அதற்குப் பிறகுதான்.

வரிசை நீண்ட கதை

பெயர் விழாதவருக்கு அடுத்த ஆண்டு சலுகையாக ஒரு புள்ளி தரும் முறை பல மாநிலங்களில் உண்டு. கொலராடோ நெடுங்காலமாகக் கையாண்டுவரும் முறைப்படி, புள்ளி அதிகம் உள்ளவருக்கே முதலிடம். முதல் விருப்பமாகக் கேட்ட சீட்டு கிடைத்துவிட்டால் புள்ளி பூஜ்யத்துக்குத் திரும்பும். கேட்பதற்கு மிக நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? காத்திருந்தவருக்குக் கொடுப்பதில் என்ன தவறு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டத்தில் ஆண்டுக்கு 10 சீட்டு. புதிதாக மனுப் போடுபவர் ஆண்டுக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 10 பேர் வெளியேற, 90 பேர் வரிசையில் சேர்கிறார்கள். பத்தாண்டு முடிவில் 900 பேர் நிற்பார்கள். அவர்களுக்கு மட்டும் கொடுத்து முடிக்கவே 90 ஆண்டு ஆகும்! கொலராடோவின் பெயர்பெற்ற சில எல்க் வட்டங்களுக்கு 20 ஆண்டுக்கு மேல் புள்ளி சேர்க்க வேண்டியிருப்பது இதனால்தான். இன்று முதல் மனுப் போடும் இளைஞனுக்கு அந்த வட்டம் எட்டாக்கனி.

மற்ற மாநிலங்கள் வேறு வழி கண்டன. நெவாடாவில் புள்ளியை அதே எண்ணால் பெருக்கி ஒன்றைக் கூட்டுகிறார்கள். 10 புள்ளி உள்ளவருக்குக் குலுக்கலில் 101 வாய்ப்பு. புதியவருக்கு 1 வாய்ப்பு. குறைவுதான், ஆனால் கதவு மூடவில்லை. யூட்டாவில் ஏறக்குறையப் பாதிச் சீட்டு புள்ளி மிகுந்தவருக்கு, மீதிப் பாதி குலுக்கலுக்கு. ஐடஹோ, நியூ மெக்சிகோ மாநிலங்களில் புள்ளியே கிடையாது. எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு. யூட்டாவில் பெருங்கொம்பு மலையாடு போன்ற அரிய விலங்குக்கு ஒருமுறை சீட்டுப் பெற்றவர் ஆயுளில் மறுபடி அதற்கு மனுப் போட முடியாது.

சில சீட்டுகளை ஏலம் விடுவதும் உண்டு. மொன்டானாவில் 2013இல் ஒரே ஒரு மலையாட்டுச் சீட்டு 4,80,000 டாலருக்குப் போனது. அந்தப் பணம் மலையாட்டுப் பாதுகாப்புக்கே செல்கிறது என்பது உண்மை. ஆனால் ஏலம் என்று வந்துவிட்டால் கைப்பணம் இல்லாதவருக்கு அங்கே வேலையில்லை.

தீனி போடுபவர் பங்கு

பனி விழுந்ததும் மலையிலிருந்து இறங்கும் மான் கூட்டம் பண்ணையாளரின் உலர்புல் போரைத் தின்றுவிடும். காட்டுப்பன்றியிடம் நிலக்கடலையையும் மரவள்ளியையும் பறிகொடுக்கும் நமக்கு அந்த வலி புரியும். கொலராடோ, வயோமிங் மாநிலங்களில் வனவிலங்குத் துறையே பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு தருகிறது. வயோமிங்கில் நிலத்துக்காரருக்குத் தனிச் சீட்டும் உண்டு. ஆனால் அதற்கு ஒரே தொகுதியாக 160 ஏக்கர் வேண்டும். அந்த விலங்கு ஓராண்டில் அங்கே தங்கியது 2,000 நாள் கணக்காகவும் இருக்க வேண்டும். அதாவது 100 மான் 20 நாள் மேய்ந்தால் 2,000 நாள். பக்கத்திலேயே 10 ஏக்கர் வைத்திருப்பவரின் புல்லையும் மான் தின்கிறது. அவருக்குச் சீட்டு இல்லை. எவ்வளவு நல்ல முறையிலும் தகுதி வரம்பை எங்கே போடுகிறோம் என்பதில்தான் சிறியவன் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இருக்கிறது.

நமக்கு எது பொருந்தும்?

குலுக்கல் நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னதைக் கூறுகிறது. கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு ஓலை கிடையாது. கால் வேலிக்கு மேல் நிலம் உள்ளவர் என்பது போன்ற நிபந்தனைகளால் தகுதி சிலருக்கே இருந்தது. அந்தக் குறையை நீக்கிவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நாம் பெரிதும் நம்புவது வரிசையை. பம்புசெட் மின் இணைப்பையே பாருங்கள். 2003 முதல் 2013 வரை பதிந்துவிட்டுக் காத்திருந்த விவசாயிகளுக்காக 2021இல் 1 லட்சம் இணைப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. இடையில் தட்கல் முறையில் பணம் கட்ட முடிந்தவர்கள் முன்னே போனார்கள். வரிசை நீண்டால் ஏலமும் சிபாரிசும் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். முதலில் பதிந்தவருக்கே முதலில் என்றால், செய்தி முதலில் யாருக்கு எட்டுகிறதோ அவருக்கே என்று பொருள். அலுவலகத்துக்கு அடிக்கடி போய்வருபவருக்கு அது எட்டும். கூலி வேலையையும் பார்த்துக்கொண்டு ஓர் ஏக்கரைப் பாடுபடும் விவசாயிக்கு எட்டாது.

குலுக்கல் தேவையைப் பார்ப்பதில்லை என்று சிலர் மறுப்பார்கள். சரிதான். ஆகவே தேவையைத் தகுதியில் பார்க்க வேண்டும், குலுக்கலில் அல்ல. ஏற்கெனவே பதிந்து காத்திருப்பவரின் உரிமையைப் பறிக்கவும் கூடாது. மானியக் கருவிகள், சூரிய பம்புசெட் போன்றவற்றைப் பங்கிடக் கீழ்க்கண்டவாறு செய்யலாம் என்பது என் கருத்து:

1. இந்த ஆண்டு வட்டாரத்துக்கு எத்தனை என்பதை மனு வாங்கும் முன்பே ஊராட்சிப் பலகையில் எழுத வேண்டும்.

2. பாதியைப் பதிவு வரிசைப்படி கொடுக்கலாம். மறுபாதியைச் சிறு, குறு விவசாயிகளுக்கு ஒதுக்கிக் குலுக்க வேண்டும்.

3. ஒருமுறை பெற்றவர் சில ஆண்டுகள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

4. குலுக்கல் கிராம சபையில், எல்லார் கண்முன்னும் நடக்க வேண்டும். மனு எத்தனை, பெற்றவர் யார் என்ற பட்டியல் அன்றே ஒட்டப்பட வேண்டும்.

இவற்றுள் முதலாவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், செலவும் இல்லை. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவே. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, "இந்த ஆண்டு நம் வட்டாரத்துக்கு எத்தனை வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். எண்ணிக்கை வெளியே வந்தால் நியாயம் பேச இடம் கிடைக்கும்.