எண்பதும் இடுப்பும்

மணலியில் 1969-லிருந்து சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக்கிக் கொண்டிருக்கிறது. அதே பேட்டையில் ஓடும் டிரெய்லர்கள், டிரைவர்களின் முதுகெலும்பைக் கச்சாவாக்கிக் கொண்டிருக்கின்றன.

எதிர்வீட்டு டிரைவருக்கு டிஸ்க் ஆபரேஷன். மூன்றாம் நாள் அவர் மனைவி லேப் பேப்பரோடு ஓடி வந்தார்.

"அண்ணே, சி.ஆர்.பி. பத்துக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு. இவருக்கு எண்பது! ஆபரேஷன் கெட்டுப்போச்சா?"

இல்லவே இல்லை. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இரண்டு பேர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. உடம்பில் எங்கே காயம், வீக்கம், கிருமி என்றாலும் ஏறும். சர்ஜனின் கத்தியும் கல்லீரலுக்குக் காயம்தான். பட்டம் பார்த்துச் சலுகை தராது! ஆபரேஷனான இரண்டாம், மூன்றாம் நாள் உச்சிக்குப் போய், பிறகு இறங்கி, சுமார் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இறங்கியது மறுபடி ஏறினால்தான் கிருமி புகுந்துவிட்டதோ என்று டாக்டர்கள் உஷாராவார்கள். ஈ.எஸ்.ஆர். இன்னும் சோம்பேறி. இறங்க வாரக்கணக்கில் ஆகும்.

ஒருநாள் ரிசல்ட் என்பது லாரியைப் போட்டோ எடுத்த மாதிரி. முன்னால் போகிறதா, ரிவர்ஸில் வருகிறதா, தெரியாது. அடுத்தடுத்த பேப்பர்களைத் தேதிவாரியாக அடுக்கினால்தான் தெரியும்.

ஆபரேஷனுக்கு முன்பே ரத்தம் சில ரகசியங்களைச் சொல்லும். அல்புமின் 3.5 கிராமுக்குக் கீழே என்றால் சாப்பாடு போதவில்லையோ, புண் ஆறத் தாமதமாகுமோ என்று சந்தேகம். ஹெச்.பி.ஏ1சி, கடந்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் போட்டு உடைத்துவிடும். நேற்று மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "வண்டி டியூ கட்டணும்ணே. எப்ப ஸ்டியரிங் புடிப்பாரு? அதையும் ரத்தத்துலயே பாத்துடலாமே?" என்றார்.

நியாயமான கேள்வி. அடிபட்ட நரம்பிலிருந்து ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தை வைத்து, தண்டுவடக் காயம் எவ்வளவு தேறும் என்று ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் க்ளட்ச் மிதிக்கும் தேதியை எழுதிக் கொடுக்கும் லேப் இன்னும் திறக்கவில்லை. நரம்பு எத்தனை மாதம் நசுங்கிக் கிடந்தது, டாக்டர் சொன்ன நடையை நடக்கிறாரா, புகைக்கிறாரா என்பதில்தான் பாதி பதில்.

கடைசிச் சமாச்சாரத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் நேரே போய்க் கணவரின் சட்டைப்பையைத் துழாவினார். ஊசி குத்தாமலே ரிசல்ட் வந்தது: ஒரு கட்டு பீடி.