புள்ளி தெரிகிறதா?



நம் இணையதளம் பழசாகிவிட்டது, கைபேசியில் படிக்கக் கண் வலிக்கிறது என்று எழுதிய வாசகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில்: புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது. மாதிரிகள் வந்து குவிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கண்ணாடிதான். அடியில் ஒரு வண்ணப் படம், அதன்மேல் அந்தப் படம் மங்கலாக ஊடுருவித் தெரியும் ஒரு பலகை, பலகைமேல் நம் கட்டுரை. “இப்ப இதுதான் சார் ஓடுது” என்கிறார்கள் வடிவமைக்கும் இளைஞர்கள்.

ஓடத்தான் செய்கிறது. 2025 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ‘லிக்விட் கிளாஸ்’ என்ற பெயரில் தன் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடித் தோற்றத்தை அறிவித்தது. செப்டம்பரில் ஐஓஎஸ் 26 வழியாக அது ஐபோன்களுக்கு வந்து சேர்ந்தது. பொத்தானும் பட்டியும் அடியில் இருக்கும் ஒளியை வளைத்து வாங்கிக் காட்டும். பார்க்க அழகு, மறுக்க முடியாது. ஆனால் சோதனைப் பதிப்பு வெளிவந்த நாளிலிருந்தே எழுத்து தெரியவில்லை என்ற புலம்பலும் கிளம்பிவிட்டது. சோதனைக் காலத்திலேயே கண்ணாடியின் தெளிவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கடைசியில் 26.1 பதிப்பில், வேண்டுமானால் கண்ணாடிக்குச் சற்று நிறம் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு தேர்வைக் கொடுத்துவிட்டார்கள்.

கொஞ்சம் வயதானவர்களுக்கு இது புதுசே இல்லை. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் சன்னல் ஓரங்கள் நினைவிருக்கிறதா? அதுவும் கண்ணாடிதான். 2012இல் விண்டோஸ் 8 அதைக் கழற்றிப் போட்டது. மறு ஆண்டு ஐஓஎஸ் 7, தோல் உறையும் மரப் பலகையுமாக இருந்த பழைய ஐபோன் ஜோடனைகளை வழித்தெடுத்துத் தட்டையாக்கியது. (அதிலும் அங்கங்கே மங்கல் கண்ணாடி ஒளிந்திருந்தது என்பது வேறு கதை.) 2014இல் கூகுள் காகிதத்தையும் நிழலையும் கொண்டுவந்தது. இப்போது மறுபடி கண்ணாடி.

இந்த முறை அது இணையதளங்களுக்குள்ளும் இவ்வளவு சுலபமாகப் பரவியதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் படத்தை போட்டோஷாப்பில் மங்கலாக்கி ஒட்டவேண்டும். பக்கம் நகர்ந்தால் ஏமாற்று வெளிப்பட்டுவிடும். இப்போது, பின்னால் இருப்பதை மங்கலாக்கு என்று ஒரே ஒரு வரி எழுதினால் உலாவியே செய்துகொடுக்கிறது. குரோமுக்கு அந்த வசதி 2019இல் வந்தது, பயர்பாக்ஸுக்கு 2022இல். ஒரு வரியில் கிடைப்பதை யார்தான் விடுவார்கள்? ஆனால் பக்கம் நகர நகர உலாவி அந்த மங்கலைத் திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். விலை குறைந்த பழைய கைபேசிகள் அங்கேதான் திணறுகின்றன.

மற்ற மோஸ்தர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘பென்டோ’ என்று ஒன்று: ஜப்பானியச் சாப்பாட்டுப் பெட்டியின் பெயர். நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி பக்கத்தைச் சின்னதும் பெரிதுமான அறைகளாகத் தடுத்து, அறைக்கொரு செய்தி வைப்பது. அடுத்தது ஊதா. ஏ.ஐ. கருவியிடம் ஒரு பக்கம் கேட்டால் ஊதாவாகவே செய்து தருகிறது. டெயில்விண்ட் என்ற பிரபல வடிவமைப்புக் கருவியின் மாதிரிப் பொத்தான்களுக்கு அந்த நிறத்தைக் கொடுத்து இதற்கு வழிவைத்தது நாங்கள்தான் என்று, அதை உருவாக்கிய ஆடம் வாதன் 2025இல் வேடிக்கையாக உலகத்திடம் மன்னிப்பே கேட்டார். எங்களுக்கு வந்த மாதிரிகளிலும் ஊதா இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

என் கவலை கண்ணாடியைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் தலையிலுள்ள புள்ளி மங்கிப்போனாலும் அது ‘ஐ’தான். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. ஒரு மாதிரியில் கல்விச் சிறப்பிதழ் என்ற தலைப்பு, பின்னாலிருந்த மரத்தின் இலைகளோடு புள்ளி கலந்துபோய் என்னவாகத் தெரிந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்களே புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அலுவலகமே சிரித்தது.

ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடும் காட்டவில்லை. இடம் பார்த்துப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் சுவடிகளோடு பட்ட பாட்டில் இதற்கும் பங்குண்டு. அச்சு வந்த பிறகுதான் ஒவ்வொரு மெய்யின் தலையிலும் புள்ளி உறுதியாக உட்கார்ந்தது. அப்படிக் கிடைத்ததை ஒரு மங்கல் பலகைக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது இணைய அணுகல் தரத்தின் விதி. கண்ணாடியில் இதை ஒருமுறை அளந்து கையெழுத்துப் போட்டுவிட முடியாது. பக்கம் நகரும்போது அடியில் வெள்ளை மேகம் வரும், அடுத்து கறுப்புக் குடை வரும். விகிதமும் கூடவே மாறும். அதனால் முடிவு செய்துவிட்டோம். கட்டுரை முழுக்க ஒரே நிறத் தரையில்தான் இருக்கும். மேலே ஒட்டிக்கொண்டு வரும் பட்டியில் மட்டும் இளைஞர்கள் ஆசைக்குக் கொஞ்சம் கண்ணாடி. இரவில் படிப்பவர்களுக்கு இருண்ட தரையும் உண்டு, ஆனால் அட்டைக் கறுப்பு அல்ல, எழுத்தும் சுத்த வெள்ளை அல்ல. கண்ணில் சிதறல் பார்வை உள்ள பலருக்குக் கறுப்பின்மேல் வெள்ளெழுத்து கசிந்து பரவியதுபோல் தெரிகிறது. என் கண்ணும் அந்த ரகம்.

மோஸ்தர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பெரிய எழுத்தில் தலைப்பு வைக்கும் பழக்கத்தையும், தடிமனையும் அகலத்தையும் விருப்பப்படி நகர்த்தக்கூடிய மாறுரு எழுத்துருக்களையும் இரண்டு கைகளாலும் வரவேற்கிறேன். ஒரே கோப்பில் பல எழுத்துருக்கள் அடங்கிய இந்த முறையை 2016இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், அடோபி நான்கும் சேர்ந்து அறிவித்தன. தமிழுக்கும் இப்போது நல்லவை கிடைக்கின்றன. ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ் அவற்றில் ஒன்று, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ‘பல்கலைக்கழகங்களிலிருந்து’ போன்ற சொல் பென்டோ அறையை முட்டிக்கொண்டு வெளியே வந்தால், எழுத்தைச் சிறிதாக்காமல் அகலத்தை மட்டும் கொஞ்சம் ஒடுக்கிக்கொள்ளலாம். மேலே கொக்கியும் கீழே வாலும் உள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்காதபடி வரி இடைவெளியையும் ஆங்கில அளவைவிடக் கூட்டியிருக்கிறோம். பக்கம் சற்று நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களில் கண்ணாடி உறுத்துகிறவர்கள் செட்டிங்ஸில் ‘அக்செசிபிலிட்டி’ பகுதிக்குப் போய் ஊடுருவலைக் குறைக்கும் பொத்தானைத் தட்டிவிட்டால் நிம்மதி.

சோதனைப் பக்கத்தை அடுத்த இதழ் வெளிவருவதற்குள் திறந்துவிடுவோம். படித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்: என்ன கைபேசி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறீர்களா, வெயிலில் பேருந்துக்கு நிற்கும்போது படிக்க முடிந்ததா. அறுபது வயதைத் தாண்டியவர்களின் கடிதங்களை முதலில் பிரிப்பதாக இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்