பெருக்கும் கைகளுக்கு ஓய்வூதியம்

ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாளின் தேரைக் காண ஊரே திரளும். தேரோட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அதே வீதியைப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மிதிபட்ட பூவும், எச்சில் இலையும், பானகம் குடித்தெறிந்த குவளையுமாகக் கிடக்கும். விருத்தாசலம் பேருந்துக்காக நான் நிற்கும்போது, நாலைந்து பெண்கள் அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பார்கள். ஊர் விழிப்பதற்குள் வீதி புதிதாகிவிடும். அவர்களைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மரியாதையோடு அழைக்கக் கற்றுக்கொண்டோம். நல்லதுதான். அந்தக் கைகள் ஓய்ந்த பிறகு அவர்கள் எதைக் கொண்டு சாப்பிடுவார்கள் என்றும் கல்லூரியில் படிக்கும் நாம் கேட்க வேண்டாமா?

கேட்கும் உரிமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. என் அத்தை வேறோர் ஊரில் பேரூராட்சித் தினக்கூலியாகத் தெருக் கூட்டுகிறார். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய எனக்கு முதலாண்டுக் கட்டணம் கட்டியவரும் அவரே. சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏம்ப்பா, நீ கணக்குப் படிக்கிறவன்தானே? பி.எஃப். புடிச்சோம்னு சொன்னாங்க. அது எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு."

அப்போது அவர் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தார். சீட்டில் பிடித்தம் இருந்தது. பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண் இல்லை. பிடித்தவரும் ஊரில் இல்லை.

நிரந்தரப் பணியாளருக்கு இந்தத் தொல்லை கிடையாது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்க்குப் பழைய ஓய்வூதியம், பின் சேர்ந்தவர்க்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று வரையறுத்தார்கள். எது மேல் என்ற வழக்கு வேறு. அவர்களுக்கென்று ஒரு கோப்பாவது இருக்கிறது. தினக்கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதுவும் இல்லை. அவர்களுக்குப் பொருந்தக்கூடியது 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும், அதன் கீழ் 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டமுமே.

இங்கேதான் ஒரு விந்தை. நம் அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு நகர்ப்புற உள்ளாட்சியை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, கிராமம் நகரமாக மாறிவரும் இடத்துக்கான நகரப் பஞ்சாயத்து. நம் வழக்கில் பேரூராட்சி. அடுத்தவை நகராட்சியும் மாநகராட்சியும். 2011 ஜனவரி 8 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, வைப்பு நிதிச் சட்டத்தை உள்ளாட்சிகளுக்கு நீட்டித்தது. நீட்டித்தது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டுமே. முதலாவதை விட்டுவிட்டது. விருத்தாசலம் நகராட்சி, ஸ்ரீமுஷ்ணம் பேரூராட்சி. காலையில் இரண்டு ஊரின் தெருவையும் பார்க்கிற எனக்கு, இங்குள்ள குப்பைக்கும் அங்குள்ள குப்பைக்கும் வேறுபாடு தெரியவில்லை!

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த வகைப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, இருபது பேர் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் என்று பேசுகிறது. 2025 நவம்பர் 21 அன்று அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மகிழ்ச்சியே. ஆனால் இருபது என்ற எண் அப்படியே நிற்கிறது. அத்தையோடு வேலை செய்பவர்கள் பதினேழு பேர்.

வாசல் அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத நிறுவனமும், வேலை தருபவரும் தொழிலாளரில் பெரும்பாலோரும் ஒப்பினால், தாமாகவே சேரலாம். பழைய சட்டத்திலும் இந்த வழி இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. பேரூராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டு வைப்பு நிதி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் வாதம் இவ்வளவே: சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கட்டும் என்று பேரூராட்சிகள் காத்திருக்க வேண்டியதில்லை.

பணம் ஏது என்பார்கள். கணக்குப் போடுவோம். மாதக் கூலி 12,000 ரூபாய் என்று கொண்டால், தொழிலாளி பங்கு 12 விழுக்காடு, 1,440 ரூபாய். நிர்வாகத்தின் பங்கும் அவ்வளவே. நிர்வாகம் தருவதில் 8.33 விழுக்காடு, ஏறத்தாழ 1,000 ரூபாய், ஓய்வூதியத்துக்குப் போகும். பதினேழு பேருக்கு நிர்வாகம் தரவேண்டியது மாதம் 24,480 ரூபாய், சில்லறைக் கட்டணம் தனி. வீட்டு வரியையும் அரசு மானியத்தையும் நம்பியிருக்கும் சிறு பேரூராட்சிக்கு இது பாரம்தான், மறுக்கமாட்டேன். மானியத்தை வகுக்கும்போதே மாநில அரசு இதையும் சேர்த்து வகுக்கலாமே.

தாமதத்தின் விலையையும் பாருங்கள். ஓய்வூதியச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது சூத்திரம். அத்தைக்கு வயது 46. 58 வரை பன்னிரண்டு ஆண்டு. இன்று சேர்ந்தால் மாதம் 2,057 ரூபாய். அவர் வேலைக்கு வந்த பதின்மூன்று ஆண்டுக்கு முன்பே சேர்த்திருந்தால், இருபதாண்டு கடந்தவர்க்குத் தரும் இரண்டாண்டுச் சலுகையோடு, 4,628 ரூபாய். ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் மாதம் 171 ரூபாயை ஆயுள் முழுவதும் தின்கிறது. இன்னும் மூன்றாண்டு கடத்தினால் பத்தாண்டுப் பணி என்ற நிபந்தனையே நிறைவேறாது. மாத ஓய்வூதியம் கிடையாது.

ஓய்வூதியம் யாரும் இரங்கிப் போடும் பிச்சையன்று, செய்த பணிக்கான உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது அரசு ஊழியர் தொடுத்த வழக்கு. தெருக் கூட்டுபவரின் உழைப்பு எந்த வகையில் குறைந்தது?

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையில வர்றதுல ஆயிரத்து நானூறு கொறையுமேப்பா" என்றார். என்னிடம் உடனே பதில் இல்லை. அரிசி விலை அவருக்குத்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, "எழுதிக் குடு, மத்தவங்ககிட்டயும் கேக்குறேன்" என்றார்.

மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினேழு பேரில் பதினான்கு பேர் இதுவரை கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டார்கள். பெரும்பாலோர் ஒப்பியாயிற்று. இனி வேலை தருபவரின் ஒப்புதல் வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கும்படி கேட்டிருக்கிறோம்.