இனிப்பு என்று ஒதுக்க வேண்டாம்

ஒயின் பட்டியலில் ‘லேசான இனிப்பு’ என்று இருந்தால் பலர் அடுத்த வரிக்குத் தாவிவிடுவார்கள். இனிப்பு ஒயின் என்றாலே மட்டமானது என்ற எண்ணம் அப்படி ஊறிவிட்டது. ஜெர்மனியின் மோசல் பகுதியில் விளையும் ரீஸ்லிங் அந்த எண்ணத்தை மாற்றக்கூடியது.

பிரான்சில் பிறக்கும் மோசல் நதி, ட்ரியர் நகரைத் தாண்டி வளைந்து வளைந்து ஓடி, கோப்லென்ஸில் ரைன் நதியுடன் கலக்கிறது. திராட்சைக்கு இது குளிரான இடம். சரிவுகளில் கிடக்கும் சிலேட் கற்கள் பகல் வெயிலைச் சேமித்து இரவில் கொடிகளுக்குக் கொடுக்கின்றன. பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் சரிவு 60 பாகைக்கும் மேல் செங்குத்தானது. அங்கே பழங்களைக் கையால்தான் பறிக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் சிறு வண்டிதான் ஆட்களுக்கு உதவி. தரமற்ற கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நடும்படி ட்ரியரை ஆண்ட பேராயர் 1787ல் உத்தரவிட்டார். ரீஸ்லிங் இங்கே பரவ அதுவும் ஒரு காரணம்.

குளிரில் மெதுவாகப் பழுப்பதால் ரீஸ்லிங்கில் புளிப்பு அதிகம். பழத்தின் சர்க்கரை முழுவதும் மதுவாக மாறும் முன்பே நொதித்தலை நிறுத்திவிட்டால், கொஞ்சம் இனிப்பு மிஞ்சும். எலுமிச்சைச் சாற்றில் போட்ட சர்க்கரையைப் போல, புளிப்போடு சேர்ந்த இனிப்பு திகட்டுவதில்லை.

போத்தலை வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பு இல்லாதது. ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்றால் லிட்டருக்கு 18 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ‘ஃபைன்ஹெர்ப்’ என்பதும் ஏறக்குறைய அதே வகைதான், ஆனால் அதற்குச் சட்டப்படி அளவு கிடையாது. குழப்பமாக இருந்தால் மதுவின் அளவைப் பாருங்கள். மோசல் ரீஸ்லிங்கில் 8, 9 விழுக்காடு என்றால் இனிப்பு நன்றாகத் தெரியும். 10, 11 என்றால் லேசாக இருக்கும். 12க்கு மேல் பெரும்பாலும் இருக்காது.

மோசல் கரையில் இதை டிரௌட் மீனுடனும் புகையூட்டிய பன்றி இறைச்சியுடனும் பரிமாறுகிறார்கள். உப்பும் கொழுப்பும் உள்ள உணவுக்கு இந்தப் புளிப்பு பொருந்தும். காரத்துக்கும் இது நல்ல துணை. மது அதிகமுள்ள ஒயின் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். மது குறைந்து, இனிப்பு சற்றே உள்ள ஒயின் அதைத் தணிக்கும். மீன் தலைக் கறிக்கோ சம்பல் இறாலுக்கோ ஒயின் தேடினால் இதிலிருந்து தொடங்கலாம். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துப் பரிமாறுங்கள். 8 விழுக்காடு என்றாலும் மது மதுதான். வண்டி ஓட்டுபவர் குடிக்க வேண்டாம்.

இந்த மென்மையான ஒயினுக்கு இப்போது இரண்டு பக்கமும் நெருக்கடி. வெயில் கூடக்கூடப் பழத்தில் சர்க்கரை ஏறி, புளிப்பு குறைகிறது. மறுபக்கம், சமவெளியைவிடப் பல மடங்கு உழைப்பு கேட்கும் சரிவுகளில் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகி, சில தோட்டங்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன. நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால்தான் அந்தச் சரிவில் ஏறுபவருக்குக் கட்டுப்படியாகும். அடுத்த முறை பட்டியலில் ‘லேசான இனிப்பு’ கண்ணில் பட்டால், ஒரு கிளாஸ் கேட்டுப் பாருங்கள்.